சட்டைப் பையில் ராணி

பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘ராணியக்கா’ என்றால்தான் தெரியும். ராணித் தேனீ வளர்த்து, தீப்பெட்டி அளவுக் கூண்டில் அடைத்து, கேட்டவர்களுக்கு அனுப்புவதுதான் அவள் பிழைப்பு. அவள் தம்பி நேர் எதிர். தன் வீட்டுக்குப் பின்னால் தேன்பெட்டிகளை வைத்துவிட்டு மூடியைக்கூடத் தொடாத மகராசன். “அதுங்க வேலையை அதுங்க பாத்துக்கும், நாம எதுக்கு மூக்கை நுழைக்கணும்?” என்பான். சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு சாக்கா என்று அவள் கிண்டலடிப்பாள்.

கிண்டலெல்லாம் வெளியில்தான். உள்ளுக்குள் வேறு கதை. போன கோடையில் ஒரே ஒரு கொட்டு. தொண்டை அடைத்து விழுந்தவள் ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தாள். இன்னொரு கொட்டு உயிரையே எடுக்கலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வெயில் மயக்கம் என்று சமாளித்தாள், யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார்களே!

“அக்கா, ஒரு பெட்டியில ராணி செத்துடுச்சு போல. மகரந்தமே கொண்டு வரமாட்டேங்குதுங்க” என்று தம்பி போன் செய்தான். தொடாத ஆளே கேட்கிறானே என்று கிளம்பினாள். ராணிக்குக் குளிரக் கூடாது. அதனால் எப்போதும் போலக் கூண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். அங்கேதான் வந்தது வினை.

தம்பி வீட்டுத் தோட்டத்தில் கால் வைத்தாளோ இல்லையோ, பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து கிளம்பியது. பெட்டியைத் திறந்தே பார்க்காவிட்டால் இடம் போதாமல் அப்படித்தான் கிளம்பும். பையிலிருந்த ராணியின் வாசம் பிடித்து வந்து, அவள் மார்பிலும் கழுத்திலும் அப்பிக்கொண்டது. கொட்டினால் போட்டுக்கொள்ள டாக்டர் கொடுத்த அவசர ஊசியோ வண்டியில் கிடந்தது.

“ஆடாம நில்லுக்கா, தானா போயிடும்!” தம்பி சிரித்தான்.

உதடு அசையாமல் சொன்னாள்: “ஒண்ணு கொட்டினாக்கூட செத்துடுவேன்டா. பையில ராணி... எடு.”

அவன் முகம் வெளிறிப்போனது. வெறுங்கையைக் கூட்டத்துக்குள் மெல்ல விட்டான். ஒன்று கொட்டியது, இன்னொன்று கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கூண்டை உருவி, கொய்யாக் கிளையில் தொங்கவிட்டான். பூச்சிகள் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே நகர்ந்தன. கடைசி ஒன்று அவள் காதோரமாக ஊர்ந்து பறக்கும் வரை அவள் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். தம்பி வீங்கிய கையால் கதவைத் தட்டினான்.

“ஏன்க்கா சொல்லல? சரி விடு, வெளிய வா. எல்லாம் கிளையில அடங்கிடுச்சு.”

அவள் தாழ்ப்பாளைத் தொட்டாள். திறக்காமலே கையை எடுத்துவிட்டாள். காலமெல்லாம் தேனீயோடு புழங்கிய கை!

“அக்கா?”

“என்னால வர முடியாதுடா. பயமா இருக்கு.”

“சரி, வராதே. நாளைக்கு அனுப்ப வேண்டிய ராணிங்க?”

“அதையும் இனி நீதான் எடுக்கணும். முதல்ல போய் இங்க உன் பெட்டியைத் தொற. எப்படின்னு ஜன்னல்லேருந்து சொல்றேன்” என்றாள், கதவுக்கு உள்ளிருந்தே.