ஷட்டர் இங்கே, கைப்பிடி அங்கே

பாசனத் துறையில் வேலை பார்ப்பவனுக்கு மழை பெய்யாவிட்டால் ஒரு வசவு, பெய்துவிட்டால் இரண்டு வசவு. பணி ஆய்வாளராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்ற நான் இரண்டையும் குறைவின்றி வாங்கியவன். அரசு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிக் களைத்த அன்பர்களே, படிக்கு அந்தப் பக்கம் நின்றவனின் பாட்டையும் சற்றுக் கேளுங்கள்.

எல்லை வகுத்த விதம்

எங்கள் துறையின் அமைப்பு அடுக்குப் பாத்திரம் போன்றது. மண்டலத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் கோட்டம், கோட்டத்துக்குள் உபகோட்டம், எல்லாவற்றுக்கும் உள்ளே, இருப்பதிலேயே சிறியதாக, பிரிவு அலுவலகம். கண்மாய்க்கு அருகில் இருப்பது பிரிவு. அதிகாரம் இருப்பதோ தொலைவில். மேலும், எங்கள் எல்லைகள் தாலுகாவைப் பார்த்து வகுத்தவை அல்ல. ஓடைகள் ஓடும் போக்கைப் பார்த்து வகுத்தவை. ஆதலால் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்க்கு அருப்புக்கோட்டையில் அதிகாரி இருப்பார். அந்தப் பக்கத்துப் பாசன சங்கத் தலைவர் சங்கரலிங்கம் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ரேஷனுக்கு ஒரு டவுனு, பத்திரத்துக்கு ஒரு டவுனு, தண்ணிக்கு ஒரு டவுனா? அண்ணாச்சி, அந்தத் தண்ணிகூட இம்புட்டு அலையாதே!"

பாகப்பிரிவினை

வேலைப்பளு கூடியதால் எங்கள் பிரிவை இரண்டாக்கினார்கள். மேல்பிரிவு அருப்புக்கோட்டையின் பழைய கட்டடத்திலேயே இருந்துகொண்டது. நான் சேர்ந்த கீழ்ப்பிரிவு திருச்சுழி சாலையில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. சங்கரலிங்கத்தின் ஊர்க் கண்மாயும் எங்களுக்கு வந்தது. அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ஓர் இரும்பு ஷட்டர் உண்டு. அதை உயர்த்தினால் தண்ணீர் கண்மாய்க்குள் போகாமல் ஓடையில் இறங்கிவிடும். ஷட்டர் கட்டுமானம் என்பதால் நிலத்தோடு எங்களிடம் வந்தது. அதைத் திருகும் கைப்பிடியோ தளவாடம். சாமான்கள் வைக்கும் கிட்டங்கியோடு மேல்பிரிவிலேயே தங்கிவிட்டது. மாற்றித் தருவதற்குக் கோட்டத்தின் உத்தரவு வேண்டும். வானம் வறண்டு கிடந்ததால் யாருக்கும் அவசரம் இல்லை. எங்கள் மடைக் காவலர் முனியாண்டி மட்டும் தலையில் அடித்துக்கொண்டார்:

"மாட்டை அண்ணனுக்கும் மூக்கணாங்கயித்தைத் தம்பிக்கும் எழுதி வச்சிருக்காக. நல்ல பங்காளிகதான்!"

கசிவு

கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டது. கண்மாய் நிறைந்து, மடையோரம் கரை கசியத் தொடங்கியது. கரைக்குக் கீழே பச்சைப் பசேலென்று நெல். நெல்லுக்கு அப்பால் ஒரு தெரு. மணல் மூட்டைகளை அடுக்கினோம். வரத்து நிற்காமல் மூட்டை எத்தனை தாங்கும்? டிராக்டர் ஸ்பேனரைப் போட்டு ஷட்டரைத் திருகிப் பார்த்தார் முனியாண்டி. அது வழுக்கி அவர் முழங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

சங்கரலிங்கத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, நனைந்தபடியே மேல்பிரிவுக்கு வண்டியை விரட்டினேன். அங்கே உதவிப் பொறியாளர் ஓர் இளம் பெண்மணி. கோட்டத்துக்குப் போன் போட்டார். பெரிய அதிகாரி வேறோர் உடைப்பைப் பார்க்கப் போயிருந்தார், தொடர்பு கிடைக்கவில்லை. "உத்தரவில்லாமல் தளவாடத்தை அடுத்த பிரிவுக்குக் கொடுத்தால் விளக்கம் சொல்ல வேண்டியவள் நான்தானே, சார்?" என்றார் என்னிடம். அவர் சொன்னது விதிப்படி சரியே. சங்கரலிங்கம் குரலை உயர்த்தவில்லை.

"எஞ்சினீரம்மா, எங்க வீடு அந்தத் தெருவுலதான் இருக்கு. தண்ணி வந்தா, இது எந்தப் பிரிவுன்னு கேட்டுக்கிட்டா உள்ள வரும்?"

தளவாடத்தின் சுற்றுப்பயணம்

அம்மையார் போனைக் கீழே வைத்தார். பிறகு எழுந்தார்; கிட்டங்கியைத் திறந்தார்; கைப்பிடியை ஜீப்பில் ஏற்றச் செய்து தாமும் ஏறி அமர்ந்தார். "நான் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. கைப்பிடி என் பொறுப்பில், என்னோடுதான் வருகிறது" என்றார். விதியையும் மீறாமல் வேலையையும் முடிக்க இப்படியொரு வழி இருப்பது, இத்தனை ஆண்டு சேவையில் எனக்குத் தோன்றியதே இல்லை.

ஷட்டரில் கைப்பிடியைப் பொருத்திய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. அவர் கைக்கு அருகே முனியாண்டியும் நானும் எங்கள் கைகளை வைத்துத் திருகினோம். முதலில் முனகல், பிறகு ஒரு நெளிவு, அப்புறம் ஷட்டர் மேலேறியது. செம்மண் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடையில் இறங்கியபோது சங்கரலிங்கம் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் கசிவு நூலாக மெலிந்து, நின்றும் போனது. தெருவிலிருந்து டீ வந்தது. கரைமேல் அமர்ந்து, துருவும் சேறும் அப்பிய கைப்பிடியை மடியில் வைத்தபடியே அம்மையார் டீ குடிப்பதைப் பார்த்து, டீ கொண்டுவந்த பெண்மணி சொன்னார்:

"தாயி, பச்சப்புள்ளயாட்டம் மடியில வச்சிருக்கீகளே, கொஞ்சம் கீழதான் வைங்களேன். இங்க யாரும் தூக்கிட்டுப் போயிற மாட்டாக!"

எங்கள் துறையில் அடுக்குகள் அதிகம் என்று குறைசொல்வோரை நான் இப்போதெல்லாம் மறுத்துப் பேசுவதில்லை. அத்தனை அடுக்கும் இருந்தும் அன்று அந்தக் கரை உடையவில்லையே என்று நிம்மதிப் பெருமூச்சு மட்டும் விட்டுக்கொள்கிறேன்.