போர்டு இல்லாத வீட்டுக்கு வாடகை

அடி தாங்காம வீட்டைவிட்டு வந்த பொம்பளைங்களுக்குச் சிதம்பரத்துல ஒரு காப்பகம்; அங்க கணக்கு பாக்குறது நான். சோறு தானா வரும், புடவை தானா வரும், வாடகைக்கு மட்டும் நாயா அலையணும், அதான் எங்க தொழிலு. டிரஸ்ட், சங்கம்னு எங்கனா கணக்கு எழுதி முடி கொட்டினவங்களே, உங்களுக்கு நான் சொல்லவே வேணாம்.

மூணு அண்டா சாம்பார் சாதம்

தைப்பூசத்தன்னிக்கு வடலூர்ல ஜனக் கூட்டம்னா, எங்க சமையல்கட்டுல அண்டாக் கூட்டம். மூணு பேரு ஒரே நேரத்துல சாம்பார் சாதம் அனுப்பிட்டாங்க. வாடகை பாக்கின்னு வீட்டு ஓனரு மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டாரு. காலி பண்ணா ஆளுக்கொரு ஊருக்குப் பிரிச்சு அனுப்பணும். எங்க காப்பகத்துல இருக்குற அமுதாவோட மக பத்தாவது, பரிட்சை நெருங்குது. அதை நெனச்சா எனக்குச் சோறே எறங்கல.

அண்டா எடுக்க வந்தவருகிட்ட, "அடுத்த வாட்டி சோத்துக்குப் பதிலா வாடகைக்குக் குடுங்களேன்"னு கேட்டேன். அவரு யோசிச்சிட்டுச் சொன்னாரு: "வாடகைக்குக் குடுத்தா, புண்ணியம் வீட்டு ஓனருக்கில்லம்மா போயிடும்?"

ஆட்டோவுக்கு பில்லு

கவர்மெண்ட் மானியம் வந்தா பாக்கி தீந்துடும். அதுவோ கடலூர் ஆபீசுல மாட்டிக்கிச்சு. பஸ் புடிச்சுப் போனேன். பொம்பளைங்க வந்து எறங்குன ஆட்டோவுக்கு நாங்க குடுத்த காசுக்கு பில்லு இல்லையாம்! எனக்கு வந்துச்சே கோவம். "உதை வாங்கிட்டு ஓடி வர்றவ, பில்லு கேட்டுக்கிட்டா நிப்பா சார்?"னு கத்திட்டேன்.

கிளார்க்கு தலைய ஆட்டினாரு. "நியாயந்தான் மேடம், இதையே ஒரு லெட்டரா எழுதி சீல் வெச்சுக் குடுத்துடுங்க."

டைல்ஸ் கடை அண்ணன்

கடைசியில டைல்ஸ் கடை அண்ணன் ஒருத்தர், "வாடகைய நான் கட்டுறேம்மா"ன்னு செக் குடுத்தாரு. கும்பிடாத கொறதான். மறுநாள் மத்தியானம் மளிகைக் கடைக்குப் போன அமுதா ஓடியாந்து துணிமணிய மூட்டை கட்டுறா. தெருமுனையில அண்ணன் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்காரு! 'கொடை வள்ளல்'னு பல்லு தெரிய அவரு படம். கீழ, பெண்கள் காப்பகத்துக்கு வழின்னு அம்புக்குறி. புருஷங்காரனுங்க கண்டுபுடிச்சிடக் கூடாதுன்னு வாசல்ல ஒரு போர்டுகூட வெக்காத வீடு எங்களுது. அமுதா புருஷன் லோடு வண்டி டிரைவர், சாயங்காலமானா அந்த ரோட்டுலதான் வருவான்.

செக்க எடுத்துக்கிட்டு அண்ணன் கடைக்கு ஓடினேன். "அண்ணே, பணம் வேணாம், அதை எறக்குங்க. அவன் கண்ணுல பட்டா அமுதாவ உசுரோட விட மாட்டான்"னேன். அண்ணன் மூஞ்சி செத்துப்போச்சு. "ஐயய்யோ, இது தோணலியேம்மா"ன்னு கடை ஏணிய எடுத்தாரு. வெள்ளை வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அவரே ஏறி, கயித்தப் பல்லால கடிச்சு எறக்கினாரு. லோடு வண்டி வர இன்னும் நேரம் இருந்துச்சு. அப்பாடான்னு அங்கயே ரோட்டோரமா உக்காந்துட்டேன்.

அண்ணன் செக்க என் கையிலயே திணிச்சாரு. "பேரு வேணாம்மா. ஃப்ளெக்ஸையும் எடுத்துக்கிட்டுப் போங்க, மழைக்கு ஆவும்."

மொட்டை மாடி

வாடகை கட்டியாச்சு, பொண்ணு பரிட்சையும் எழுதிட்டா. ஃப்ளெக்ஸ மாடியில விரிச்சு அமுதா வடாம் புழிஞ்சா. அண்ணன் படம் அடிப்பக்கமா இருந்துச்சு. பாவம், மேல திருப்பிப் போடேன்னேன்.

"வேணாங்க்கா, ஆம்பள யாரும் இந்த வீட்டுக்குள்ள பாக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

எங்க கணக்குல, யாருக்கும் தெரியாத வீட்டுல எல்லாரும் சத்தமாச் சிரிச்சா அந்த மாசம் லாபம்.