ஐந்தாம் நம்பர் பாசிப் பை

தங்கை ஜெயித்தவற்றை அண்ணன் வரிசை பிசகாமல் சொல்லுவார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதிய தேர்வில், மூன்றாவது முயற்சியில், மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை. நாலு மனுக்கள் கொடுத்தபின் அவள் காலுக்குப் பொருந்துகிற ரப்பர் பூட்ஸ். ஆறாவது வருஷம், முதுகு வைத்த நாற்காலி. கடைசியாக, ஆற்றைப் பாசி வைத்துச் சோதிக்க அனுமதி. அதற்கு மட்டும் இரண்டு வருஷம் நடையாய் நடந்தாள்.

அதுவரை அதிகாரிகள் மாதாமாதம் ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். வரப்போகும் தேதியைப் பெயிண்ட் ஆலைக்குக் கடிதம் போட்டுத் தெரிவிப்பது அலுவலக மரியாதை. அன்றைக்கு மட்டும் ஆலையின் கழிவுக்குழாய் வாயை மூடிக்கொள்ளும். தண்ணீர் தங்கம் என்று அறிக்கை போகும்.

பாசிக்கு யாரும் கடிதம் போடுவதில்லை. அது ராப்பகலாக ஆற்றில் கிடந்து, தண்ணீரோடு வரும் ஈயத்தையும் காட்மியத்தையும் உடம்பெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீர் ஓடிப்போனாலும் அது விடாது.

தையல்காரரான அண்ணன் கொசுவலைத் துணியில் ஐந்து பைகள் தைத்தார். ஓரத்துக்கு இரட்டைத் தையல், ஒரு பிசிறு கிடையாது. மலையோடைப் பாறையிலிருந்து சுத்தமான பாசியைச் சுரண்டி வந்து, தங்கை அவற்றில் அடைத்து, ஆற்றில் ஐந்து இடங்களில் கட்டினாள். ஐந்தாவது பை ஆலைக்குக் கீழே, தெருக்குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் கிணற்றை ஒட்டி. அந்தத் தண்ணீரில்தான் அண்ணனின் எட்டு மாதக் குழந்தைக்குப் பால் பவுடர் கரைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பைகளை எடுத்து, பாசியை உலர்த்தி, அரைத்து, அமிலத்தில் கரைத்து அளந்தாள். நாலு பைகள் சாதுவாக இருந்தன. ஐந்தாவதில் ஈயம் மற்றவற்றைப்போல் பதினெட்டு மடங்கு.

ஆய்வுக்கூட மேலாளர் முதலில் எந்திரத்தைச் சந்தேகப்பட்டார், பிறகு பாசியின் நடத்தையை. மிச்சப் பாசியைச் சோப்புப் போட்டு அலசிவிட்டு அளந்தால் என்ன என்று கேட்டார். உள்ளே போனது அலசினால் வராது சார் என்றாள்.

அன்று ஐந்து மணிக்குள் கையெழுத்தாகிப் போகாவிட்டால் சோதனை செல்லாது என்பது விதி. இத்தனை வருஷமும் ‘சோதித்தவர்’ என்ற கட்டத்தில், பாட்டிலைத் தொட்டே பார்க்காத மூன்று பேர் முண்டியடித்துக் கையெழுத்திட்டார்கள். அன்றைக்கு ஒருவருக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. இன்னொருவர் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டாராம். அது அவர் மூக்கின்மேல் இருந்தது. மூன்றாமவரான மேலாளருக்குத் திடீரென்று தாராள மனசு வந்தது.

"நீதானம்மா ஆத்துல இறங்கின? பெருமை உனக்கே இருக்கட்டும். போடு."

"போட்டப்புறம் அந்தப் பதினெட்டை மாத்த மாட்டீங்களே சார்?"

"நான் ஏன் மாத்தறேன்? அந்தப் பேப்பர் பக்கமே வரமாட்டேன்."

ஆலைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், வேலைக்கே உலை வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். தையல் கடைக்குப் போன் போட்டாள். அண்ணன் மெஷினை நிறுத்தினார்.

"வேலை போச்சுன்னா இங்க வந்து சட்டைப் பட்டனுக்குக் காஜா எடு, பாத்துக்கலாம். கையெழுத்து மட்டும் கட்டத்தைத் தாண்டாம இருக்கட்டும்."

அப்பாவின் முதலெழுத்தோடு தன் முழுப்பெயரையும் கட்டத்துக்குள் அடக்கி எழுதினாள். மேலாளரும் சொன்ன சொல் தவறவில்லை. அந்தக் காகிதத்தை விரலால்கூடத் தொடவில்லை. அதனால் பதினெட்டு மடங்கு பதினெட்டு மடங்காகவே மேலிடம் போய்ச் சேர்ந்தது. பத்தே நாளில் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டார்கள், தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்தது.

ஆற்றைப் பற்றிய அறிக்கையில் அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 2015 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை.