கத்திக்கு ஒரு பைப் உறை

எங்கள் அப்பாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவருடைய வெட்டுக்கத்தி மொபெட்டின் முன்பக்கக் கொக்கியில் தொங்கும். இரண்டுக்கும் உறை கிடையாது. சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி ரோட்டில் இருக்கும் எங்கள் எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போகும்போது நான் வண்டியின் முன்னால் நின்றுகொண்டு போவேன். மூன்றாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் வேகத்தடையில் வண்டி துள்ளியதில் கத்தி என் முழங்காலுக்குக் கீழே கீறிவிட்டது. காயம் பெரிதில்லை. அழுகைதான் தெருவைக் கூட்டிவிட்டது.

மறுநாளே அம்மா சிவகிரியிலிருந்து தன் தம்பியை வரவழைத்தாள். மாமாவுக்கு மோட்டார், பைப் லைன் வேலை. மிச்சம் விழுந்த பிவிசி பைப் துண்டு ஒன்றை எடுத்து வந்திருந்தார். அதை நீளவாக்கில் ரம்பத்தால் கீறி, கேஸ் அடுப்பில் திருப்பித் திருப்பிக் காட்டினார். வீடெல்லாம் நாற்றம். பைப் இளகி, நனைந்த அப்பளம் மாதிரி துவண்டது. அதை விரித்துக் கத்தியின் மேல் மடித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து ஏறி மிதித்துத் தண்ணீர் ஊற்றினால் அப்படியே இறுகிவிடும். ஆனால் கத்தியில் முதலில் இரண்டு சுற்று நியூஸ்பேப்பர் சுற்ற வேண்டுமாம். பிறகு பேப்பரை உருவிவிட்டால் கத்தி தாராளமாகப் போய் வரும். மாமா சுற்றித்தான் வைத்திருந்தார். அம்மா அதைப் பிரித்து எடுத்தாள்.

"பேப்பர் கீப்பர் ஒண்ணும் வேண்டாம்லே. வண்டி குலுங்குத குலுக்குல கத்தி உருவி விழுந்துரும்."

"இறுக்கிப் பிடிச்சுக்கிடும்க்கா. சொல்லுதேன் கேளு, அத்தான் என்னையத்தான் ஏசுவாக."

"ஏசுனா ஏசட்டும். நீ செய்யி."

அத்தான் ஏசத்தான் செய்தார். கத்தியை வெளியே எடுக்க உறையைக் கல்லில் தட்டவேண்டும், காலால் மிதித்துக்கொண்டு இழுக்கவேண்டும். "ஏட்டி, ஒந் தம்பி கத்திக்கு உறை செஞ்சானா, சமாதி கட்டுனானா?" என்று தினமும் கேட்பார். தம்பி ஆசையாகச் செய்து கொடுத்ததைத் தூக்கிப் போட்டால் அவன் மனசு என்ன பாடுபடும் என்று அம்மா மூக்கைச் சிந்துவாள். மச்சினன் விஷயம் என்பதால் அப்பா முணுமுணுத்துக்கொண்டே வண்டியில் மாட்டுவார்.

அந்தச் சமயத்தில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வரப்புத் தகராறு. பக்கத்துத் தோட்டம் பெரியப்பாவுடையது. அவர் வேலியை எங்கள் பக்கம் தள்ளிப் போடப்போகிறார் என்று பேச்சு. சோற்றில் கை வைத்ததும் அப்பா, "கல்லு ஊனட்டும், அன்னைக்கு இருக்கு அவனுக்கு" என்பார். அம்மா ரசம் ஊற்றுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது பெரியப்பா கடப்பாரையோடு நின்று எங்கள் வரப்பில் கல் ஊன்றிக்கொண்டிருந்தார். பேச்சு தடித்தது. செத்துப்போன தாத்தா வரைக்கும் இழுத்தார்கள். அப்பா வண்டிக்கு ஓடி வந்து கத்தியின் பிடியைப் பிடித்து இழுத்தார். உறையோடு சேர்ந்து வந்தது. பெரியப்பாவை நோக்கி ஓடிக்கொண்டே இழுத்தார். வரவில்லை. நின்று, முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, முகம் சிவக்க இழுத்தார். பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், எல்லோரும் சிரித்தார்கள்.

கடப்பாரையை ஓங்கியிருந்த பெரியப்பா அதை மெல்ல இறக்கினார். "என்னலே, பைப்பு மாட்டவா வந்தே?" என்றார். அவருக்கும் வாய் கோணியது.

அப்பா உறையும் கத்தியுமாகத் தரையில் எறிந்துவிட்டு, ஒரு மரத்தடியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. மாமாவையும் அம்மாவையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "யார் மேலயும் படலல்லா?" என்று மட்டும் கேட்டாள்.

"கத்தி வெளியவே வரலைங்கேன், எப்படிம்மா படும்?" என்று கத்தினேன். அவள் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை, திமிறிக்கொண்டு எழுந்து போனேன்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, சர்வேயர் வந்து அளந்து, ஒருவழியாக இருவருக்கும் பொதுவில் கல் நட்டார்கள். அதற்கு மறுநாள் காலை அம்மா ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். உறையை அதில் முக்கி எடுத்தாள். கத்தியில் பேப்பரைச் சுற்றி, இளகிய உறைக்குள் செருகி, ஆறவிட்டாள். மாமா இல்லை, பலகை இல்லை, யாரும் சொல்லித் தரவும் இல்லை. அப்பா வந்து கத்தியை எடுத்துப் பார்த்தார். இரண்டு விரலில் வந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இட்லி வேகிற நேரத்தில் முடிகிற வேலை. முதலிலேயே செய்திருந்தால் அப்பா அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்திருக்க வேண்டாமே என்று அம்மாவைக் கேட்டேன்.

"எனக்குத் தோணலட்டி" என்றாள்.

அம்மாவுக்கு இவ்வளவுதான் விவரம் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அப்பாவைப் பார்த்தால் பாவமாக இருந்தது.