கறுப்புப் புகையிலைக்கு ஒதுக்கிய பைப்

கப்பலில் வேலை பார்த்த என் தம்பி ஒரு விடுமுறைக்கு வந்தபோது, மரத்தில் கடைந்த பைப் ஒன்றைக் கொடுத்தான். ராஜபாளையத்து நூல் மில்லில் மெஷின் பழுது பார்க்கிற எனக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

"அண்ணே, இதுல ஒரே புகையிலையத்தான் போடணும். மாத்தி மாத்திப் போட்டா மரத்துல வாடை கலந்துரும்" என்றான். கூடவே இரண்டு டப்பா. மஞ்சள் புகையிலை காய்ந்த வைக்கோல் போல மணத்தது; பைப்பை அதற்கே விட்டேன். விறகுப் புகையில் காட்டிப் பதப்படுத்திய கறுப்பு, அலமாரியில் மூடியே கிடந்தது.

கொரோனா வந்துபோனதில் என் மனைவிக்கு மோப்பம் போய்விட்டது. பால்கோவா கிண்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்பத்தில் பிறந்தவள். பால் அடிபிடித்தால் அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவாள். இப்போது அடுப்பின் முன்னால் நின்றபடியே பாலைத் தீயவிட்டாள். ஓடிவந்து நான்தான் அணைத்தேன்.

"எனக்குத் தெரியலங்க" என்றாள்.

பல மாதம் கழித்து, அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது கறுப்பு டப்பாவைத் திறந்தேன். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றோடு உள்ளே வந்தாள்.

"செத்த நேரம் மூடாதீங்க. ஏதோ வாடை வருது."

டப்பாவை மூக்கோடு சேர்த்துப் பிடித்தாள். "எங்க வீட்டு அடுப்படி மாதிரி இருக்கு. பால்கோவா கிண்டுறப்ப முந்திரி ஓடு எரியுமே, அந்த மாதிரி." கண் கலங்கியிருந்தது.

அன்றே பைப்பின் உள்ளே படிந்த கரியைச் சுரண்டி, உப்பும் ஸ்பிரிட்டும் போட்டு மஞ்சளின் வாடையைப் போக்கினேன். அதன்பின் அதில் கறுப்பு மட்டும்தான். ஷிஃப்ட் முடிந்து கால் கடுக்க வந்தாலும் கொல்லையில் உட்கார்ந்து பற்றவைப்பேன். அவள் புகையை முகர எதிரே வந்து உட்காருவாள். எனக்கு அந்தப் புகை பிடிக்கவே இல்லை, தொண்டை கரகரத்தது.

மெல்ல அவளுக்கு மல்லிகை வாசம் திரும்பி வந்தது. பிறகு காபித்தூள், அரைகுறையாக. நம்பிக்கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அவள் அண்ணன் இலையில் சுடச்சுடப் பால்கோவா வைத்துக் கொடுத்தார். வாயில் போட்டவள் துப்பிவிட்டாள்.

"சீமெண்ணெய் வாடை அடிக்குதுண்ணே."

அவர் சட்டியைக் குனிந்து முகர்ந்தார். "நல்லாத்தான மாப்ள இருக்கு?" என்று என்னைக் கேட்டார். அவர் முகம் வாடிவிட்டது. அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன். திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் பைப்பை எடுத்தபோது கையைப் பிடித்தாள். "போதுங்க. நீங்க எம்புட்டு இருமுறீங்க! வாசம் வந்தா வருது, வராட்டிப் போவுது."

இப்போது பற்றவைப்பதில்லை. கறுப்பை நிரப்பி அவள் கையில் கொடுக்கிறேன். முகர்ந்து பார்த்து, சில நாள் "வருது" என்கிறாள். சில நாள் அப்படியே திருப்பித் தந்துவிட்டு, உலை வைக்கப் போய்விடுகிறாள்.