ஒன்பது மா ஓர் ஏக்கரான கதை

எழில்மொழி ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா இராஜாங்கம் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தும் வரப்பு வெட்டியும் அவளை எம்.சி.ஏ. வரை படிக்க வைத்தார். தஞ்சாவூரில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் ஆறு வருடமாக சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

அந்தக் கம்பெனி ஓர் உழவர் குழுவுக்காக அறுப்பு மிஷின் முன்பதிவு செய்யும் செயலியை நடத்தி வந்தது. விவசாயி தன் நிலத்தை மா என்ற ஊர் அளவில் சொன்னால், செயலி அதை ஏக்கராக்கி, மிஷின் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும். மாவை ஏக்கராக்குவதற்கு, யாரோ எழுதிப் பொதுவில் விட்டிருந்த லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு ஒன்றை எழில்மொழி சர்வரில் இன்ஸ்டால் செய்திருந்தாள். எந்த வெர்ஷன் ஓட வேண்டும் என்பதையும் பட்டியலில் குறித்துப் பூட்டி வைத்திருந்தாள். புது வெர்ஷன் வந்தால் முதலில் சோதனை சர்வரில் போடுவாள். மூன்று மாவுக்கு ஓர் ஏக்கர் வந்தால்தான் அது உண்மையான சர்வருக்குப் போகும்.

தை மாதம், சம்பா அறுவடை நேரம். ஒரு திங்கட்கிழமை காலை, திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து அம்சம் என்ற விவசாயி கம்பெனிக்குப் போன் செய்தார்; எழில்மொழிதான் எடுத்தாள்.

"ஏம்மா, ஒம்பது மான்னுதானே பதிஞ்சேன்? மிஷின்காரன் ஒரு ஏக்கர அறுத்துட்டு, நேரம் முடிஞ்சுதுன்னு போயிட்டான். மீதி ரெண்டு ஏக்கர் நிக்குது. வானம் வேற இருட்டுது!"

எழில்மொழி உடனே சர்வரைத் திறந்தாள். லைப்ரரி புது வெர்ஷனில் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் வேறு பகுதியின் மா அளவை அதில் நுழைத்திருந்தார். தஞ்சைப் பக்கத்து மா மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப் போயிருந்தது. அவள் விடுப்பில் இருந்த வெள்ளிக்கிழமை, பட்டியலை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் அப்டேட் செய்திருந்தவர் மேலாளர் குஞ்சிதபாதம். அவருடைய லாகின் பதிவேட்டில் தெளிவாக இருந்தது.

முதலில் பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டாள். ஒன்பது மாவைக் கொடுத்துப் பார்த்தாள். மூன்று ஏக்கர் வந்தது. பிறகு அந்தப் பதிவேட்டின் பிரிண்டையும், தவறாகக் கணக்கான அறுபத்தொரு பேரின் பெயர்களையும் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

அங்கே அவர் உழவர் குழுச் செயலாளர் ஜெய்னுலாபுதீனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "எங்க பொண்ணு ஒண்ணு கவனமில்லாம ஏதோ பண்ணிடுச்சு சார்."

எழில்மொழி வாசலிலேயே நின்று கேட்டாள். அவர் போனை வைத்ததும் பதிவேட்டை அவர் முன்னால் நீட்டினாள். "இது உங்க லாகின் சார். வெள்ளிக்கிழமை பதினொண்ணே முக்காலுக்கு."

அவர் அதைப் பார்த்தார். முகம் மாறவில்லை. "எல்லாம் பழசா கிடந்துச்சு, போட்டேன். சரி, விடு. விவசாயிங்க அளவத் தப்பா போட்டுட்டாங்கன்னு ஒரு மெயில் எழுதிடு. அவங்களுக்கு மா தெரியுமா, ஏக்கர் தெரியுமா?"

"மா தெரியாதது அவங்களுக்கு இல்ல சார், நீங்க போட்ட வெர்ஷனுக்கு! அந்த மாதிரி வயல்ல கூலிக்கு நின்ன வீட்டுப் பொண்ணு நான். இந்தப் பொய்ய நான் எழுத மாட்டேன்."

அவள் எழுதியது வேறு மெயில். நடந்தது அத்தனையும் அதில் இருந்தது, பதிவேடும் அறுபத்தொரு பெயர்களும் உட்பட. அதை நேராக ஜெய்னுலாபுதீனுக்கு அனுப்பினாள். கம்பெனி முதலாளிக்கும் ஒரு நகல் போனது.

ஜெய்னுலாபுதீன் அன்றே மிஷின்களை அந்த வயல்களுக்கு மறுபடி அனுப்ப ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை மாலை மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் பெரும்பாலான வயல்கள் அறுபட்டிருந்தன. அம்சத்தின் மீதி இரண்டு ஏக்கரில் ஒன்று அறுபடாமல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. நான்காம் நாள் நெல் கதிரிலேயே முளைவிட்டது.

அனுமதியில்லாமல் மெயில் அனுப்பியதாக முதலாளியிடமிருந்து எழில்மொழிக்கு மெமோ வந்தது. அப்டேட் செய்தவருக்கு ஏன் மெமோ இல்லை என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தாள். முதலாளி மெமோவைத் திரும்பப் பெற்றார். குஞ்சிதபாதத்தை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அவள் அம்சத்துக்குப் போன் செய்தாள். "தப்பு உங்க மேல இல்லைங்க. எங்க ஆபீஸ்லதான். எங்க மேலாளர் பண்ணினது."

அம்சம் சொன்னார்: "அத அந்த ஆள வந்து, இந்தச் சேத்துல நின்னு சொல்லச் சொல்லும்மா."

எழில்மொழி எழுந்து போய், எல்லோர் எதிரிலும் குஞ்சிதபாதத்திடம் அந்த வார்த்தைகளை மாற்றாமல் சொன்னாள். அவர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அவள் நகரவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கும் வரை அங்கேயே நின்றாள்.