போர்டுக்கா, போட்டுக்கா?

வெம்பக்கோட்டை அணையில் மீன் குத்தகை எடுத்தவர் தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகை லாரியில் ஏற்றி வந்தார். அதை ஓட்டும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பு அப்பா எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர். அந்த வருடங்களில் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்கு வெடி வைத்தால்கூட, ஆலைதான் வெடித்துவிட்டதோ என்று அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுவாள். படகு வந்த பிறகு அந்த ஓட்டம் நின்றது.

படகின் அடியில் எங்கிருந்தோ தண்ணீர் கசியும். அதை இறைக்க பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று உண்டு. பம்ப், விளக்கு, ஹாரன் மூன்றுக்குமான சுவிட்சுகள் ஒரே தகட்டில் இருந்தன. மூன்றும் துருப்பிடித்துப் போயின. குத்தகைக்காரரின் ஆள் வீட்டுச் சுவிட்சுகளை வாங்கி மாட்டினார். சில நாட்களில் பம்பின் சுவிட்ச் உள்ளே கருகி ஒட்டிக்கொண்டது. பம்ப் நிற்காமல் ஓடி பேட்டரி தீர்ந்தது.

குத்தகைக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து சொன்னார். "திங்கக்கெழமைக்குள்ள சரியாகலைன்னா தூத்துக்குடியில இருந்து வேற போட்டும் ஆளும் வந்துரும். நீங்க பழையபடி பட்டாசுக் கம்பெனிக்கே போயிருங்க."

அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் அப்போது விருதுநகரில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ கடைசி வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவள் நான் ஒருத்திதான். "நான் வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் சிவகாசியில் பெரிய எலக்ட்ரிக்கல் கடை ஒன்றில் ஏறினேன்.

"அண்ணாச்சி, போட்டுக்கு சுவிட்ச் வேணும்."

"போர்டுக்குத்தானம்மா எல்லாரும் வாங்குறாக." கடைக்காரர் வெள்ளைச் சுவிட்சுகளைப் பரப்பினார். "எத்தன சுவிட்ச் போர்டு?"

"போர்டு இல்ல அண்ணாச்சி, போட்டு. தண்ணியில போறது."

அவர் உள்பக்கம் திரும்பினார். "ஏலே, சிவகாசிக்குக் கடல் வந்துருச்சாம்லே."

"வரட்டும் மொதலாளி, தீவாளி லோட கப்பல்லயே ஏத்திருவோம்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

நானும் சிரித்தேன். பிறகு சுவிட்சுகளை அவர் பக்கமே தள்ளினேன். "இதெல்லாம் வீட்டுக் கரண்டுக்கு. பேட்டரிக் கரண்டுல பொறி சட்டுன்னு அணையாது, கருகிரும்."

"அப்ப எங்ககிட்ட இல்ல தாயி. தூத்துக்குடிக்குத்தான் போகணும்."

அங்கே போய்த் தேடி வாங்கிவிட்டு அன்றைக்கே ஊர் திரும்ப பஸ் கிடைக்காது. மறுநாள் ஞாயிறு, கடை இருக்காது. கல்லூரியின் ஒர்க்‌ஷாப்பில் ஏதாவது கிடைக்குமா என்று விருதுநகர் பஸ் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தேன். திருத்தங்கல் தாண்டியதும் தூறல் விழுந்தது. டிரைவர் ஒரு சுவிட்சைத் தட்டினார், வைப்பர் ஆடத் தொடங்கியது. நான் அதையே பார்த்தேன். பஸ்ஸுக்கும் பேட்டரிதான். வைப்பரும் ஒரு மோட்டார்தான், எங்கள் பம்பைப் போல.

"அண்ணே, இந்தச் சுவிட்ச் எங்கன கெடைக்கும்?"

"பைபாஸ்ல லாரி எலக்ட்ரீசியன் கடை இருக்கும்மா. ஏன், பஸ் வாங்கப் போறியா?"

பைபாஸ் கடைக்காரர் என்னைத் தாண்டி வெளியே பார்த்தார். "ஆம்பளையாளு யாரும் வரலையா?"

"நான் வந்திருக்கேன். பன்னெண்டு வோல்ட்டு, மோட்டாருக்குத் தாங்கணும், இருபது ஆம்பியர். தண்ணி எறங்காம ரப்பர் மூடி இருக்கணும்."

"லாரி எங்கன நிக்கிது?"

"வெம்பக்கோட்டை அணையில."

"கவுந்துருச்சா?"

"போட்டு அண்ணாச்சி."

அதன்பின் அவர் யாரையும் தேடவில்லை. கேட்டதை எடுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, அணைக்கரையில் சுவிட்சுகளை மாட்டினோம். பழைய தகடு இருந்தது, பெட்ரோல் கேன் வைக்கும் மூடிய பெட்டிக்குள். நான் தகட்டை வெளியே, அப்பா உட்காரும் பலகைக்கு முன்னால் வைத்தேன்.

"உள்ள இருந்தா நனையாதுல்ல" என்றார் அப்பா.

"மருந்து ரூமுக்குள்ள சுவிட்ச் வைப்பாகளாப்பா?"

அப்பா ஸ்குரூ டிரைவரை என்னிடம் நீட்டினார். எங்கள் ஊர்களில் மருந்து இருக்கும் அறைக்குச் சுவிட்ச் வெளிச்சுவரில்தான் இருக்கும். தட்டும்போது தெறிக்கும் சின்னப் பொறி போதும் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்ரோலுக்கும் அதே கணக்குத்தான்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வேன் தெருமுனையில் நின்றது. ஃபோர்மேன் தலையை நீட்டினார். "என்னண்ணே, போட்டு படுத்துருச்சுன்னாக. ஏறுறீகளா?"

"எம்மக எழுப்பி விட்டுட்டா. நீங்க போங்க" என்றார் அப்பா.

அணையில் குத்தகைக்காரர் சுவிட்சை மூன்று தடவை தட்டிப் பார்த்தார். மூன்று தடவையும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, மூன்று தடவையும் நின்றது. "மீன் லோடு ஏத்துங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஆலங்குளம் பக்கமிருந்து வெடிச்சத்தம் ஒன்று வந்து ஜன்னலை அதிரவைத்தது. அம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை. அரிசிக்கு இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றச் சொன்னாள்.